பெஞ்சை எடுக்க யாரைக் கேட்பது?

இங்கிலாந்தில் எங்கள் ஆங்கிலிக்கன் ஆலயத்தின் கவுன்சிலில் நான் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பதவிக்காலம் மூன்று ஆண்டு. ஆலயப் போதகர் சொன்னால் எல்லாம் நடந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். தலைமை அவருக்குத்தான், ஆனால் ஓட்டெடுப்பில் அவருக்கும் ஒரு கைதான்.

முதல் கூட்டத்திலேயே, கடைசி வரிசைப் பெஞ்சுகளை எடுத்துவிட்டால் குழந்தைகளின் தள்ளுவண்டிகளுக்கு இடம் கிடைக்குமே என்று துள்ளினேன். பொருளாளர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். "நாம் தீர்மானித்தால் மட்டும் போதாது" என்றார். அப்படிக் கைவைக்க மறைமாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டுமாம். கூரை ஒழுகினால் மட்டும் செலவு எங்கள் தலையில்!

ஆண்டுக் கூட்டத்தை மே 31க்குள் நடத்திவிட வேண்டும். ஆலயத்தின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தாம் கவுன்சிலைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆலயப் பொறுப்பாளரான வார்டனின் தேர்தல் கதை வேறு: பங்கின், அதாவது ஆலயத்துக்குரிய வட்டாரத்தின், எல்லைக்குள் குடியிருந்து உள்ளாட்சி வாக்காளர் பட்டியலில் இருப்பவர், ஆலயப் பக்கமே எட்டிப் பார்க்காதவராயினும் ஓட்டுப் போடலாம். நானறிய அப்படி ஒருவரும் வந்ததில்லை.

பெஞ்சுகள் இன்னும் அங்கேயேதான் கிடக்கின்றன. விண்ணப்பத்தின் மூன்றாவது வரைவு என் மேசைமேல்.