அடோ வேலிக்குள்ளே

நவம்பர் 8, சனி

தென்னாப்பிரிக்காவில், போர்ட் எலிசபெத் நகரின் மலபார் பகுதியிலிருந்து அடோ யானைப் பூங்காவுக்கு ஒரு மணி நேர ஓட்டம்தான். ஹபூர் அணைக்கட்டில் ஒரு யானைக் கூட்டம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அக்கா மகன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கேட்டான்: "மாமா, இதுகளுக்குத் தந்தம் எங்கே?"

நல்ல கேள்வி. இந்தியாவில் பெண் யானைக்குத் தந்தம் இல்லாதது வழக்கம். ஆப்பிரிக்க யானையிலோ ஆண், பெண் இரண்டுக்கும் உண்டு. அடோவில் மட்டும் பெண் யானைகளில் பெரும்பாலானவை தந்தமில்லாதவை. ஆரஞ்சுத் தோட்டக்காரர்களின் புகாரால் 1919-20இல் வேட்டைக்காரர் மேஜர் பிரிட்டோரியஸை வைத்து நூற்றுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். 1931இல் பூங்கா தொடங்கியபோது மிஞ்சியவை 11. அந்தச் சிறு கூட்டத்தின் பெண்களில் பாதியளவு தந்தமில்லாதவை. அவை தங்களுக்குள்ளேயே பெருகப் பெருக, அந்தக் குணமே வம்சம் முழுக்கப் பரவிவிட்டது. பையனிடம் துப்பாக்கிக் கதையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அக்காதான் சொன்னாள்.

நவம்பர் 9, ஞாயிறு

நேற்று அதிக நேரம் பார்த்தது ஸ்பெக்பூம் செடியைத்தான். நம் வீட்டு முற்றத்திலும் நிற்கிறது. சிறிய, தடித்த இலை. மென்றால் புளிச்சக்கீரையின் புளிப்பு. யானை அதை மேலிருந்து ஒடித்துத் தின்கிறது. அடிக்கிளைகள் தரையில் படர்ந்து, தொட்ட இடத்தில் வேர் விடுகின்றன. தின்னும்போது கீழே விழும் குச்சியும் துளிர்க்கிறது. வெள்ளாடோ கீழிருந்து மேய்கிறது. பாவாடை போன்ற அந்த அடிக்கிளைகள் போனதும் வேர்ப்பகுதி வெயிலில் காய்ந்து, செடியே செத்துப்போகிறது. அங்கோரா ஆடுகளை அளவுக்கு மீறி மேய்த்த சரிவுகள் இன்னும் மொட்டையாகவே கிடக்கின்றன. இந்தப் புதர்க்காடு யானையோடு சேர்ந்தே வளர்ந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. சாணி வண்டுகள் வெளியே வந்திருக்கும். பறக்கத் தெரியாத இனம், அடோவில்தான் நிறைய. பாதையில் கிடக்கும் சாணியின் மேல் வண்டியை ஏற்றாதீர்கள், தயவுசெய்து.

நவம்பர் 15, சனி

அத்தானோடு வாக்குவாதம். "அடோவுல யானை அறுநூறுக்கு மேல ஆயிடுச்சு. கொஞ்சத்தைக் குறைச்சா என்ன தப்பு?" என்கிறார்.

1954இல் டிராம் தண்டவாளத்தையும் லிஃப்ட் கம்பியையும் வைத்து அப்போதைய பூங்கா மேலாளர் ஆர்ம்ஸ்ட்ராங் கட்டிய வேலிதான் 22 யானைகளைக் காப்பாற்றியது. சந்தேகமே இல்லை. ஆனால் இடம் பெயர முடியாத யானை ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப மேய்கிறது. சின்னஞ்சிறு சதைப்பற்றுச் செடிகள் அற்றுப்போகின்றன. அவற்றைக் காக்க உள்ளேயே யானை நுழையாத தனி அடைப்புகள் வைத்திருக்கிறார்கள். ஹபூர் என்ற பெரிய ஆண் யானை 1968இல் வேலியைத் தாண்டியது. சுட்டுவிட்டார்கள்.

அதனால் அத்தான் கவலைப்படுவது நியாயம்தான், அவர் சொல்லும் வழிதான் ஆகாது. குரூகர் தேசியப் பூங்காவில் 1967 முதல் 1994 வரை 14,000க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார்கள். தாயைப் பறிகொடுத்த குட்டிகளை வேறு பூங்காக்களுக்கு அனுப்பினார்கள். பிலனெஸ்பெர்க் பூங்காவில் அவற்றில் சில ஆண்கள், வழிநடத்தப் பெரிய யானை இல்லாமல் வளர்ந்து, காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன. மகலாலி என்ற தனியார் காப்பகத்தில் 2000 முதல் பெண் யானைகளுக்குக் கருத்தடை ஊசி போடுகிறார்கள். அடோவிலேயே வேலியை நகர்த்தி நியாத்தி, கோல்செஸ்டர் பகுதிகளை யானைக்குத் திறந்துவிட்டார்கள். ரத்தக்கலப்புக்கு 2003இல் குரூகரிலிருந்து ஆண் யானைகளையும் கொண்டுவந்தார்கள். நிலம் வாங்கத்தான் பணம் போக வேண்டும், தோட்டாவுக்கு அல்ல என்றேன்.

"நிலத்தை யார் விற்பாங்க?" என்றார் அத்தான். ஆடு மேய்த்துக் கெட்டுப்போன பண்ணைகளைத்தான் முதலில் கேட்க வேண்டும்.