நம்பிக்கையின் செலவு யார் கணக்கில்?

காயம்பட்டவர் வெளியே போய்விட்டார். அணி பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருக்கிறது. மாற்று ஆட்டக்காரர் கோட்டருகே தயாராக நிற்க, நான்காம் நடுவர் அவர் கையைத் திருப்பிப் பார்க்கிறார். மணிக்கட்டில் சாமிக்கயிறு, அதன்மேல் இரண்டு சுற்று வெள்ளை டேப். கழற்றச் சொல்கிறார். இறுக்கிக் கட்டிய முடிச்சு அவிழாது, வெட்டத்தான் வேண்டும். கத்தரிக்கோல் பிசியோவின் பையில். பிசியோ காயம்பட்டவரோடு எதிர்ப்பக்கத்தில். அம்மா கட்டிவிட்ட கயிற்றை வெட்டலாமா என்று வீரருக்குக் கலக்கம். ஒன்றரை நிமிடம் போகிறது. அதற்குள் ஒரு கோல் விழுந்துவிடலாம்.

கலைஞர்களும் விளையாட்டு வீரர்களும் மதத்தைப் பொதுவாழ்வில் கலக்கலாமா என்று கேட்டால் ஆளுக்கொரு கட்சி கட்டிவிடுவார்கள். அவர்களுக்கு ஒப்பந்தம் எழுதுவது, பயணத்துக்கு ஏற்பாடு செய்வது, பேட்டிக்கு உட்கார வைப்பது என்று வேலை பார்க்கும் எங்களிடம் அந்தக் கேள்வி இந்த உருவத்தில் வருவதில்லை. கயிறாக வரும், ஸ்பான்சரின் லோகோவாக வரும், அட்டவணையில் ஒரு தேதியாக வரும், கோல் அடித்ததும் தூக்கிக் காட்டும் பனியனாக வரும். ஒவ்வொரு முறையும் நாங்கள் முதலில் பார்ப்பது, அந்த நம்பிக்கையின் செலவை யார் ஏற்கிறார் என்பதைத்தான். நம்புகிறவரே ஏற்றால் யாரும் குறுக்கே நிற்கக் கூடாது. அடுத்தவரைக் கேட்காமல் அவர் தலையில் ஏற்றினால் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

கயிற்றைப் பேசி முடித்துவிடுவோம். கால்பந்தின் நான்காம் விதி நெடுங்காலமாகச் சொல்லிவருவது இதுதான்: சங்கிலி, மோதிரம், வளையம், கைப்பட்டை எதுவும் கூடாது, டேப் ஒட்டி மறைப்பதும் கூடாது. சாமிக்கயிற்றையும் நடுவர் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பார். அதில் மதத்தின் மேல் கோபம் ஒன்றுமில்லை, விரல் மாட்டிக்கொள்ளும் என்ற பயம்தான். ஆகவே கயிற்றை முடிச்சாகக் கட்டாமல் கொக்கி வைத்துக் கட்டச் சொல்ல வேண்டும். உடை மாற்றும்போது கழற்றி, பெயர் எழுதிய உறையில் போட்டு, உடைப்பொறுப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் முதலில் கைக்கு வர வேண்டியது அந்த உறைதான். அலட்சியமாக ஒருமுறை தொலைத்துவிட்டால் அந்த வீரர் மறுபடி கழற்றித் தரமாட்டார், டேப் ஒட்டத்தான் பார்ப்பார்.

தலைத்துணி வேறு கதை. 2014 மார்ச்சில் கால்பந்து விதிக்குழு அதை முறைப்படி அனுமதித்தது. நிபந்தனைகள் தெளிவானவை: கறுப்பாகவோ ஜெர்சியின் முதன்மை நிறத்திலோ இருக்க வேண்டும், ஜெர்சியோடு இணைத்துத் தைத்திருக்கக் கூடாது, நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி எதுவும் இருக்கக் கூடாது, ஆபத்தாகவும் இருக்கக் கூடாது. குண்டூசி வைத்துக் குத்தியது அந்தக் கடைசி நிபந்தனையில் விழுந்துவிடும். வெளியூர் ஜெர்சியின் நிறம் வேறு என்பதை மறந்து ஒரே நிறத்தில் தைத்து வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கறுப்பில் இரண்டு வாங்கி வைத்தால் தொல்லை இல்லை. கூடைப்பந்தின் உலக அமைப்பு 2017இல் தன் தடையை நீக்கியது. ஆனால் பிரான்சின் கால்பந்துக் கூட்டமைப்பு விதித்த தடையை அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2023 ஜூனில் சரி என்றது. உலக விதி அனுமதித்தாலும் உள்நாட்டு விதி தடுக்கலாம். தொடருக்குத் தொடர் விதிப்புத்தகத்தைப் புதிதாகப் படிக்க வேண்டும்.

இனி தேதிகள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டிஷ் ஓட்டக்காரர் எரிக் லிடல் 100 மீட்டர் ஓடவில்லை, தகுதிச்சுற்று கிறிஸ்தவர்களின் ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை வந்தது என்பதற்காக. 400 மீட்டருக்கு மாறி 47.6 விநாடியில் தங்கம் வென்றார் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாதி. எங்களுக்கு முக்கியமானது மறுபாதி. அட்டவணை சில மாதங்கள் முன்பே வந்திருந்தது, அவரும் தன் முடிவை அப்போதே சொல்லிவிட்டார். வேறு தூரத்துக்குப் பழகிக்கொள்ள அவருக்கும் நேரம் கிடைத்தது, பதில் ஆள் பார்க்க அணிக்கும் நேரம் கிடைத்தது. 1965 அக்டோபர் 6, யூதர்களின் யோம் கிப்பூர் நாள். பேஸ்பால் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் சாண்டி கோஃபாக்ஸ் பந்து வீசவில்லை. அவருக்குப் பதில் டான் டிரைஸ்டேல் வீசினார், அணி 8-2 என்று தோற்றது. கடைசியான ஏழாவது ஆட்டத்தில் இரண்டே நாள் ஓய்வோடு வந்து வீசிய கோஃபாக்ஸ், எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் தொடரை வென்று தந்தார். அவர் இல்லாததன் செலவில் ஒரு பங்கு அணிக்கும் விழுந்தது உண்மைதான். ஆனால் அணிக்கு அது முன்கூட்டியே தெரியும், திட்டமும் போட்டிருந்தது.

அதனால் தேதிகளை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும். வெறும் தேதி போதாது. யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி மாலை சூரியன் மறையும் வேளையிலேயே தொடங்கிவிடும். வீட்டில் எத்தனை மணிக்கு மறையும் என்பது இங்கே உதவாது, ஆட்டம் நடக்கும் ஊரின் நேரம் வேண்டும். இஸ்லாமிய மாதங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகரும், பிறை பார்த்து ஒருநாள் தள்ளவும் செய்யும். பெருநாளுக்கு அடுத்தடுத்த இரண்டு தேதிகளை ஒதுக்கி, எது உறுதியாகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை விடுவிப்பதுதான் நடைமுறை. ஒரே தேதியை எழுதிவிட்டுக் கடைசி இரவில் விமானத்தை மாற்றுவது ஆகாத வேலை.

ஒப்பந்தத்தில் தேதிக்கு அடுத்து நிற்பது விளம்பரம். மது, சூதாட்டம், வட்டிக்கடன், இறைச்சி, தோல்பொருள் என்று வகைவகையாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "ஆட்சேபம் ஏதாவது உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால், கையெழுத்துப் போடும் சந்தோஷத்தில் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவின் ஹஷிம் ஆம்லா பீர் நிறுவனத்தின் லோகோ இல்லாத சட்டையில் ஆண்டுக்கணக்கில் ஆடினார், முன்பே பேசி முடித்த ஏற்பாடு அது. நியூசிலாந்து ரக்பி வீரர் சன்னி பில் வில்லியம்ஸ் 2017 ஏப்ரலில் சட்டைக் கழுத்தில் இருந்த வங்கி லோகோவை டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். விஷயம் ஊர்முழுக்கப் பேச்சானது. மனசாட்சி காரணமாக விலக்கு என்று சில நாளில் தீர்த்துவிட்டார்கள். அதே விலக்கைச் சீசன் தொடங்கும் முன் எழுதியிருந்தால் செய்தியே இல்லை. நடிகர்களுக்கு இந்தப் பட்டியலில் நெருக்கமான காட்சிகள், உடை, மதச்சின்னத்தை மிதிப்பது எரிப்பது போன்ற காட்சிகள் சேரும். செட் போட்டு விளக்கு வைத்தபின் மறுத்தால் அன்றைய கூலியை நம்பி வந்தவர்கள் அத்தனை பேருக்கும் நஷ்டம்.

நோன்பு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். "ஒருநாள் மட்டும் விடக் கூடாதா?" என்று வீரரிடம் கேட்கும் பயிற்சியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். பயணத்தில் இருப்பவர் நோன்பைத் தள்ளிவைக்க மார்க்கத்திலேயே இடம் உண்டு, ஆனால் அந்த முடிவு வீரருடையது. நம் வேலை உடலைக் காப்பது. கடுமையான பயிற்சியை நோன்பு திறந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வைக்கலாம். முடியாவிட்டால் நோன்பு திறப்பதற்குச் சற்று முன்பு வைக்கலாம், முடிந்த கையோடு தண்ணீர் குடித்துவிடலாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்க்க வேண்டும். உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ஆட்டம் தளரும். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் தண்ணீர், அதுவும் இரவு முழுவதும் பிரித்துப் பிரித்து. விடியற்காலையில் ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடித்தால் பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். பசிதான் பிரச்சினை என்று வெளியிலிருந்து நினைப்பார்கள். அதைவிட அதிகம் படுத்துவது தூக்கக்குறைவு. பிற்பகலில் அரைமணி நேரத் தூக்கத்தை அட்டவணையிலேயே எழுதிவிடுவது நல்லது. கூடைப்பந்து வீரர் ஹக்கீம் ஒலாஜுவான் நோன்போடு ஆடிய 1995 பிப்ரவரியில்தான் என்பிஏவின் அந்த மாதச் சிறந்த வீரராகத் தேர்வானார்.

2021 ஏப்ரலில் இங்கிலாந்துக் கால்பந்துக் கழகங்களான லெஸ்டரும் கிரிஸ்டல் பேலஸும் ஆடிய ஆட்டத்தில், அரைமணி நேரம் போன பிறகு கோல் உதை ஒன்றைக் கொஞ்சம் தாமதித்தார்கள். இரண்டு வீரர்கள் ஓரத்துக்குப் போய் நோன்பு திறந்துவிட்டு வந்தார்கள். இரு அணித்தலைவர்களும் நடுவரும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலர் கவனித்திருக்கவே மாட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து இப்படி ஆட்டத்தை நிறுத்தவே கூடாது என்று பிரெஞ்சுக் கூட்டமைப்பு தன் நடுவர்களுக்கு எழுதியது. அரை நிமிட விஷயத்தைத் தேசியச் சண்டையாக்க அது போதுமானதாக இருந்தது.

சைகைக்கும் வாசகத்துக்கும் இடையே பெரிய வித்தியாசம் உண்டு. கோல் அடித்ததும் நெற்றி நிலத்தில் பட சஜ்தா செய்வதும், விரலை வானத்துக்குக் காட்டுவதும், சிலுவைக்குறி போடுவதும் இரண்டு மூன்று விநாடியில் முடிந்துவிடும், யாரையும் எதுவும் கேட்பதில்லை. முகமது சலா லிவர்பூலுக்கு வந்தபின் அந்த வட்டாரத்தில் வெறுப்புக் குற்றங்கள் 16 சதவீதம் குறைந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர் பிரசாரம் செய்து அது நடக்கவில்லை. 2014இல் அமெரிக்கப் பாணிக் கால்பந்து வீரர் ஹுசைன் அப்துல்லா புள்ளி எடுத்ததும் மண்டியிட்டுத் தலை தாழ்த்தியதற்கு நடுவர்கள் அவர் அணிக்கு 15 கெஜம் பின்னடைவைத் தண்டனையாகக் கொடுத்தார்கள். அது தவறு என்று மறுநாள் லீக்கே ஒப்புக்கொண்டது.

எழுத்து வேறு. மத வாசகம் உடையில் கூடாது, உள்ளே அணிந்ததைக் காட்டுவதும் கூடாது என்று கால்பந்து விதி சொல்கிறது. ஒலிம்பிக் சாசனத்தின் 50ஆம் விதியும் மதப் பிரசாரத்துக்கு இடம் தருவதில்லை. காரணம் எளிது. ஜெர்சி பதினொரு பேருக்கும் பொது, ஒருவர் எழுதினால் பத்துப் பேரும் சொன்னதாகிவிடும். 2024 டிசம்பரில், தன்பாலீர்ப்பாளர்களுக்கு ஆதரவான வானவில் நிற அணித்தலைவர் பட்டையில் "இயேசுவை நேசிக்கிறேன்" என்று கிரிஸ்டல் பேலஸின் மார்க் கேஹி எழுதியபோது இங்கிலாந்துக் கூட்டமைப்பு நினைவூட்டலோடு விட்டது. நல்ல எண்ணத்தோடு எழுதியிருப்பார் என்றே நம்புகிறோம், ஆனால் அந்தப் பட்டை அவருடையது அல்ல. இதே தராசைக் கழகத்தின் பக்கமும் பிடிக்க வேண்டும். ஒரு கருத்தை வீரரின் உடம்பில் அணிவிக்கிறவர்கள், வேண்டாம் என்பவர் கேமராவுக்கு முன் விளக்கம் சொல்லாமல் ஒதுங்க வழி வைக்க வேண்டும். 2023இல் பனி ஹாக்கி வீரர் ஜேம்ஸ் ரைமர் அப்படி ஒரு வானவில் ஆதரவுப் பயிற்சி ஜெர்சியை மறுத்தபோது வழியில்லாமல் அறிக்கை விட வேண்டியிருந்தது.

அணிப் பிரார்த்தனையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும். ஆட்டத்துக்குச் சற்று முன் பயிற்சியாளரே கை கோத்து நிற்கச் சொன்னால், நேற்றுச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பையன் நம்பாவிட்டாலும் நிற்பான். அவன் இடத்தைத் தீர்மானிப்பவர் கூப்பிடுகிறார் அல்லவா! வேண்டுபவர்கள் அணிக் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன் தனி அறையில் கூடட்டும், சக வீரர் ஒருவர் நடத்தட்டும், பயிற்சியாளர் உள்ளே வர வேண்டாம், யார் வந்தார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம்.

மேடைக்கும் பேட்டிக்கும் வருவோம். 2009இல் ஆஸ்கர் மேடையில் ஏ.ஆர்.ரஹ்மான் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்னார். மூன்றே சொற்கள், கேட்டவர் யாரும் எதையும் ஏற்கவோ மறுக்கவோ வேண்டியிருக்கவில்லை. ஜான் லெனன் தம் பீட்டில்ஸ் இசைக்குழு இயேசுவைவிடப் பிரபலம் என்று சொன்னது 1966 மார்ச்சில் லண்டன் பத்திரிகையில் வந்தது, அங்கே யாரும் அசையவில்லை. ஜூலை இறுதியில் அமெரிக்க இளைஞர் இதழ் ஒன்று அதை எடுத்துப் போட்டதும் இசைத்தட்டுகளை எரித்தார்கள், ஆகஸ்டில் சிகாகோவில் அவர் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு வரி இடம் மாறினால் பொருளும் மாறிவிடும். ஆகவே பேட்டியை நம் பக்கத்திலும் பதிவு செய்ய வேண்டும், மொழிபெயர்ப்பு அச்சேறும் முன் மத வரிகளை மட்டுமாவது கேட்டுப் பார்க்க வேண்டும்.

சமூக ஊடகப் பதிவுகளுக்கு ஒரு சோதனை உண்டு. வாக்கியத்தின் எழுவாய் எது என்று பாருங்கள். "நான் நோன்பு இருக்கிறேன்", "நான் குடிப்பதில்லை" என்றால் போடலாம். எழுவாய் "அவர்கள்" என்று ஆனால் இரவு வைத்திருந்து காலையில் இன்னொருவரிடம் காட்ட வேண்டும். 2019 ஏப்ரலில் ரக்பி வீரர் இஸ்ரேல் ஃபோலாவ், யார் யார் நரகத்துக்குப் போவார்கள் என்ற பட்டியலைப் பகிர்ந்தார். மே மாதம் ஒப்பந்தம் போனது. டிசம்பரில் இரு தரப்பும் சமரசமானார்கள். அந்தப் பட்டியலில் இருந்தவர்களும் அதே உடைமாற்றும் அறையில் இருக்கக்கூடும் என்பதை யோசித்திருந்தால் போதும்.

இந்தச் சோதனை எல்லாவற்றுக்கும் பொருந்தாது, அதையும் சொல்லிவிட வேண்டும். 1992 அக்டோபர் 3 அன்று ஐரிஷ் பாடகி சினேட் ஓகானர் நேரடி ஒளிபரப்பில் போப்பின் படத்தைக் கிழித்தார். ஒத்திகையில் அவர் காட்டியது ஒரு குழந்தையின் படம், அதனால் கேமராக்காரர்களுக்கே அது அதிர்ச்சி. எங்கள் தொழில் கணக்கில் அது பெரிய விதிமீறல். ஆனால் திருச்சபையில் குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகளைத்தான் அவர் சொன்னார், அது உண்மை என்று பின்னால் விசாரணை அறிக்கைகளே பேசின. முகமது அலி 1967 ஏப்ரல் 28 அன்று மத நம்பிக்கையைச் சொல்லி ராணுவத்தில் சேர மறுத்தார். பட்டம் பறிபோனது, ஐந்தாண்டுச் சிறைத் தண்டனையும் 10,000 டாலர் அபராதமும் விழுந்தன, மூன்றரை ஆண்டு மோத முடியவில்லை. 1971இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. இருவரும் பலரைப் புண்படுத்தினார்கள். செலவையோ தாங்களே சுமந்தார்கள். அப்படிப்பட்டவரோடு வேலை செய்ய நேர்ந்தால் தடுக்கப் பார்ப்பதைவிட, என்னென்ன போகும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டிவிட்டு அவர் பக்கத்தில் நிற்பதே மேல்.

வெற்றி மேடை ஏற்பாட்டில் மதுப்புட்டி எப்போது திறக்கும் என்பதையும் இப்போது எழுதி வைக்கிறோம். முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம், பிறகு ஒதுங்க விரும்புபவர் ஒதுங்க அவகாசம், அதற்குப் பின்தான் புட்டி. 2022 ஜனவரியில் ஹோபார்ட்டில் ஆஷஸ் கோப்பையைப் பெற்ற ஆஸ்திரேலிய வீரர்கள் ஷாம்பெயினைப் பீய்ச்சத் தொடங்கியதும் உஸ்மான் கவாஜா மேடையை விட்டு ஒதுங்கி நின்றார். கேப்டன் பாட் கம்மின்ஸ் அதைப் பார்த்துவிட்டு, புட்டிகளைக் கீழே வைக்கச் சொல்லிக் கையசைத்து அவரைக் கூப்பிட்டார். கவாஜா மேடைக்குத் தாவி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.