மூன்றாவது ஃபில்டர்

அப்பாவுக்குக் கிருமித்தொற்று ரத்தத்தில் பரவி சிறுநீர் நின்றுபோனது. ரத்த அழுத்தம் மருந்தின் தயவில்தான் இறங்காமல் இருந்தது. சாதாரண டயாலிசிஸைத் தாங்கமாட்டார், 24 மணி நேரமும் மெதுவாக ஓடும் சிஆர்ஆர்டி என்ற டயாலிசிஸ் போடலாம் என்றார்கள். கையெழுத்து, முன்பணம் எல்லாம் அரை மணியில் முடிந்தது.

மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் ஒரு ஃபில்டர் அதிகபட்சம் 72 மணி நேரம் ஓடும் என்று சொல்லியிருந்தார்கள். எங்களுடையதில் ஒன்பதே மணி நேரத்தில் ரத்தம் உறைந்துபோனது. பிளேட்லெட் குறைவு, ரத்தம் கசியலாம் என்ற பயத்தில், உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைக் கொடுக்கவில்லையாம். விடியற்காலை மூன்று மணிக்கு "இன்னொரு ஃபில்டர் செட் வாங்கிட்டு வாங்க" என்று சீட்டு வந்தது. பார்மசியில் ஸ்டாக் இல்லை. காலை எட்டு மணிவரை மெஷின் சும்மா நின்றது. ஃபில்டரிலும் குழாயிலும் இருந்த ரத்தத்தைத் திருப்பி ஏற்றவும் முடியவில்லை. கிட்டத்தட்ட 200 மில்லி வீண். பணம் போனதைவிட அதுதான் வலித்தது.

இரண்டாவது 14 மணி நேரம். காரணத்தைப் பிடித்தவர் ராத்திரி டியூட்டி சிஸ்டர். டயாலிசிஸ் குழாய் தொடையில் இருந்தது. அப்பா காலை மடக்கும்போதெல்லாம் அதுவும் மடங்கும், அலாரம் அடிக்கும், பம்ப் நிற்கும். யாராவது வந்து சரிசெய்வதற்குள் ரத்தம் தேங்கிவிடும். தேங்கினால் உறையாமல் என்ன செய்யும்?

இதற்கு நடுவில் இன்சூரன்ஸ் கவுண்டர். "ரெண்டு நாள்ல மூணு செட் எதுக்கு?" டாக்டர் கடிதம் கேட்டார்கள். வாங்கிப்போனேன், சீல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி நாலு மாடி. நீங்களும் இந்த நிலையில் இருந்தால், ஃபில்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் நேரத்தையும் காரணத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவதுக்குக் குழாயைக் கழுத்தின் வலப்பக்கம் மாற்றினார்கள், சிட்ரேட்டும் சேர்த்தார்கள். அது மெஷினுக்குள் கால்சியத்தைப் பிடித்துவைத்து உறையாமல் காக்குமாம்; உடம்புக்கான கால்சியத்தைத் தனியாக ஏற்ற வேண்டும். இதைப் போடக் கல்லீரல் ஓரளவு நன்றாக இருக்க வேண்டும், கால்சியத்தை அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். முதலிலேயே ஏன் போடவில்லை என்று கேட்டேன். அத்தனை முறை டெஸ்ட் பார்க்க ராத்திரியில் ஆள் இல்லை என்றார் டியூட்டி டாக்டர். ஒளிக்காமல் சொன்னதால் கோபப்படக்கூட முடியவில்லை.

அந்த ஃபில்டர் 70 மணி நேரம் ஓடியது. இந்தமுறை உறைவதற்கு முன் அவர்களே நிறுத்தி, ரத்தத்தை முழுதாக அப்பாவுக்குத் திருப்பி ஏற்றிவிட்டுக் கழற்றினார்கள். இரண்டாவது செட்டின் பில் மட்டும் இன்னும் இன்சூரன்ஸில் நிற்கிறது.