கைத்தாளம் தவிலுக்குச் சமமாக நின்ற கதை

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடு. கரையோர ரயில் போனால் யன்னல் கண்ணாடி அதிரும், மைக் வைத்து எதையும் பதிய முடியாது. அதனால் நண்பனின் குறும்படப் பாட்டில் குரலைத் தவிர எல்லாமே சொஃப்ட்வேர் வாத்தியங்கள். லொஜிக் புரோ என்ற இசை சொஃப்ட்வேரில் 14 ட்ராக். தனித்தனி ஃபைலாக எடுத்து, மிக்ஸ் செய்யும் தெகிவளை அண்ணாவுக்கு அனுப்புவது மட்டும்தான் மிச்சம். பத்து நிமிட வேலை என்று உட்கார்ந்தேன். மூன்று இரவு போனது.

முதல் தடவை, ஃபைலாக எடுக்கும்போது வரும் தெரிவுகளில் 'நோர்மலைஸ்' என்பதை ஓன் செய்தேன். பெயர் நல்லபிள்ளை மாதிரி இருந்தது. காலையில் அண்ணா கோல் எடுத்தார்: "தம்பி, கைத்தாளமும் தவிலும் ஒரே சத்தத்தில நிக்குது. தாளம் போடுறவர்தான் கச்சேரிக்குக் காசு குடுத்தவரோ?"

நோர்மலைஸ் ஒவ்வொரு ஃபைலின் உச்சத்தையும் தனித்தனியே 0 டெசிபல் வரை, அதாவது டிஜிட்டல் ஒலியின் உச்சவரம்பு வரை, தூக்கிவிடும். ஓரமாக மெல்ல வைத்திருந்த கைத்தாளமும் அப்படித்தான் ஏறியது. 'ஓவர்லோட் புரொடெக்ஷன் ஒன்லி' என்றும் ஒரு தெரிவு உண்டு. 0-ஐத் தாண்டும் ஃபைலை மட்டும் அது இறக்கும். அப்போதும் அந்த ட்ராக்கின் விகிதம் குலையும், வேண்டாம் என்று விட்டேன்.

அடுத்த இரவு நோர்மலைஸ் ஓஃப், 24 பிட் ஃபைல். இப்போது ஸ்ட்ரிங்ஸ் (வயலின் மாதிரித் தந்தி வாத்தியங்கள்) கரகரத்தது. அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் மேடுகளின் தலை கத்தியால் சீவியதுபோல் தட்டை. அந்த ட்ராக்கின் மீட்டர் பல நாளாக +5.2 என்று சிவப்பில்தான் நின்றது. லொஜிக்கின் உள்ளே கணக்கு ஃபுளோட்டிங் பொயின்டில் (0-ஐத் தாண்டினாலும் இடம் விடும் எண்முறை) ஓடுவதால், மாஸ்டரை, அதாவது மொத்தச் சத்தத்தை, இறக்கினால் ஒலி வெட்டுப்படாது. நானும் கண்டுகொள்ளவில்லை. 24 பிட் ஃபைலில் 0-க்கு மேல் இடமே கிடையாது. ஒற்றைச் சுரமாக வாசித்தால் சாதுவாக இருக்கும் ஸ்ட்ரிங்ஸ், ஆறு சுரம் சேரும் இடத்தில்தான் பாய்கிறது.

சரி என்று எல்லா ட்ராக்கின் கடைசியிலும் கெயின் பிளக்-இன் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் துணைக் கருவி) போட்டு, எல்லாவற்றிலும் ஒரே அளவாக 10 டெசிபல் குறைத்தேன். (ட்ராக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கியிருக்கலாமே என்பீர்கள். பாதி ட்ராக்கில் வொலியூம் ஓட்டோமேஷன், அதாவது முன்பே பதிந்துவைத்த சத்த ஏற்ற இறக்கம், அது ஃபேடரைத் திரும்ப இழுத்துக்கொண்டு போய்விடும்.) எடுத்துப் பார்த்தால் ஃபைலில் ஒரு மாற்றமும் இல்லை! அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்தேன். அண்ணா ரிவேர்ப் (எதிரொலி எஃபெக்ட்) வேண்டாம் என்றிருந்தார், அதற்காக 'பைபாஸ் எஃபெக்ட் பிளக்-இன்ஸ்' பெட்டியில் முதல் நாளே சரி போட்டிருந்தேன். கெயினும் ஒரு எஃபெக்ட்தானே, அதையும் சேர்த்தே ஒதுக்கியிருக்கிறது. அந்தச் சரியை எடுத்துவிட்டு ரிவேர்ப்களை மட்டும் ஒவ்வொன்றாக அணைத்தேன். ஸ்ட்ரிங்ஸின் உச்சம் -4.8.

இந்தத் தடவை அனுப்புவதற்கு முன் 14 ஃபைலையும் ஒரு வெற்று புரொஜெக்டில் இழுத்துப் போட்டு, ஃபேடர் எதையும் தொடாமல் கேட்டேன். சத்தம் குறைவு, ஆனால் என் பாட்டு அப்படியே இருந்தது. கைத்தாளம் ஓரமாக, தவில் நடுவில்.

இரவு பதினொன்றுக்கு அண்ணாவின் மெசேஜ்: "இப்ப சரி. குரல் எங்க?"