"ஒரு போர்டாவது செத்திருக்கா, சார்?"

போர்டில் வேலை பார்த்த ஜூனியர் தம்பி இப்படிக் கேட்டபோது "இல்லை" என்றுதான் சொன்னேன். உண்மையும் அதுதான். ஆனாலும் அந்தக் கேரியர் போர்டை ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன்.

பிராசஸர் இருக்கும் சின்ன போர்டுதான் ஸ்மார்க் மாட்யூல், அதைச் செருகும் பெரிய போர்டுதான் கேரியர். மாட்யூலிலிருந்து 'கேரியர் பவர் ஆன்' என்று ஒரு சிக்னல் வரும். அது வந்த பிறகுதான் கேரியரில் உள்ள மற்ற சர்க்யூட்டுகளுக்கு சப்ளை போக வேண்டும். எங்கள் போர்டிலோ 1.8 வோல்ட் சப்ளை தரும் ரெகுலேட்டரை ஆன் செய்யும் எனேபிள் பின், நேராக 5 வோல்ட் இன்புட்டில் கட்டியிருந்தது, அதாவது சிக்னலுக்குக் காத்திருக்காமல் எப்போதும் ஆன். பழைய ப்ராஜெக்ட் ஸ்கீமட்டிக்கிலிருந்து அப்படியே வந்த பகுதி அது. தம்பியின் கைக்கு வரும்போதே அப்படித்தான் இருந்தது.

மாட்யூலை ஷட்டவுன் செய்துவிட்டு, வோல்டேஜை அளந்து காட்டும் ஸ்கோப்பின் ப்ரோப்பை வைத்தேன். பூஜ்யத்துக்கு இறங்க வேண்டிய மாட்யூலின் 1.8 வோல்ட் ரெயில் (சப்ளை லைன்), ஒரு வோல்ட்டை ஒட்டி நின்றுகொண்டிருந்தது. சீரியல் போர்ட்டின் லைன் சும்மா இருக்கும்போது ஹையில்தான், அதாவது வோல்டேஜோடுதான் இருக்கும். சிக்னலின் வோல்டேஜ் அளவை மாற்றிக்கொடுக்கும் கேரியரின் லெவல் ஷிஃப்டர் அதை அணைந்து கிடக்கும் பிராசஸரின் பின்னுக்குள் தள்ளுகிறது. உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாக அது ரெயிலுக்கு ஏறிவிடுகிறது. சாஃப்ட்வேரில் இதற்கு வழியே இல்லை, சாஃப்ட்வேர் கண் விழிப்பதற்கு முன்னால் நடக்கிற விஷயம்.

இந்த போர்டு உட்காரும் பெட்டி லாரிக்குள் பொருத்தப்படுவது. ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பேட்டரி வோல்டேஜ் சரியும், மாட்யூல் அணைந்து உடனே எழும். ரெயில் பாதியில் நின்று மறுபடி ஏறினால் ரீசெட் சுத்தமாக நடக்குமா? "இந்த லாட்டை அனுப்பிட்டு அடுத்த ரிவிஷன்ல திருத்தலாமே சார், இல்லன்னா ஒரு வயர் இழுத்துடலாம்" என்றார் தம்பி. லாரி அதிர்வில் கையால் ஒட்டிய வயரை நான் நம்பவில்லை. பசை வைத்து ஒட்டியிருந்தால் நின்றிருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றியிருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பேனா, தெரியவில்லை.

போர்டு மறுபடி அடித்து வந்தது. கஸ்டமரின் தேதி தள்ளிப்போனது. அப்புறம் அந்தத் தாமதம் தம்பியின் அப்ரைசலில் ஏறியது. எதிர்த்துப் பேசினேன், எடுபடவில்லை.

அட்டைப்பெட்டியில் கிடந்த பழைய போர்டுகளை எடுத்து, வாரக்கணக்கில் ஆன், ஆஃப் என்று ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடச் சாகவில்லை. லேபில் ஏசி ஓடுகிறது, பிராசஸர் எல்லாம் ஒரே லாட், சித்திரை வெயிலில் லாரி கேபின் வேறு கதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாமே சரியான காரணங்கள்தான். ஆனால் ஒரே ஒரு போர்டு செத்திருந்தால், அதுவே போதும் என்று சொல்லியிருப்பேன். அப்போது லாட்டையும் வெயிலையும் பற்றிப் பேசியிருக்க மாட்டேன்.

நாளைக்கு அதே அளவு ஸ்கோப்பில் வந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன், அதில் எனக்குக் குழப்பமில்லை. ஆனால் முடிவு என்னுடையது, அதற்கான விலை அவருடைய அப்ரைசலில் இருக்கிறது. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.