டைட்டில் மியூசிக்கும் ஒரு கட்டுக் காகிதமும்

சீரியல் டைட்டில் மியூசிக்குக்குத் தனியாக விருது உண்டு என்பது இங்கே சேலத்தில் ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிற பாதிப் பேருக்குத் தெரியாது. சொன்னால், "டைட்டில் பாட்டுக்கா?" என்பார்கள். பாட்டே இல்லாத வெறும் வாத்திய இசைக்கும் உண்டு. சென்னையில் ஓர் அமைப்பு நடத்தும் சின்னத்திரை விருதுக்கு நான் விண்ணப்பித்த விவரத்தை எழுதச் சொல்லி நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இசையைப் பற்றி இதில் கொஞ்சம்தான் வரும். மீதியெல்லாம் காகிதம்.

நான் டைட்டில் இசை போட்ட சீரியல் நம்ம பக்கத்துக் கதை. தெருக்கூத்து வாத்தியார் ஒருவரின் குடும்பத்தைச் சுற்றி நடப்பது. பாட்டு வேண்டாம் என்று டைரக்டர் சொன்னதுமே முகவீணையும் (நாதஸ்வரம் மாதிரி ஊதுகிற சின்ன வாத்தியம்) பம்பையும் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. கம்ப்யூட்டரில் இருக்கும் சாம்பிள்களில், அதாவது முன்பே பதிவு செய்து வைத்த வாத்திய ஒலிகளில், பம்பை என்று தேடிப் பாருங்கள். ஏதோ ஒரு டிரம்மை ஓங்கி அடித்து எக்கோ போட்டு வைத்திருப்பார்கள். ஆள் வந்து வாசித்தால்தான் உண்டு.

வீட்டு ஸ்டூடியோவில் எடுக்க வழியில்லை. அம்மாப்பேட்டையில் எங்கள் சந்தில் விசைத்தறி ராத்திரியும் ஓடும். எத்தனை போர்வை கட்டினாலும் தடக் தடக் என்று மைக்கில் ஏறிவிடும். கடைசியில் ஏற்காட்டில், நாகலூர் போகிற வழியில், தெரிந்தவர் ஒருவரின் காபித் தோட்டத்து வீடு கிடைத்தது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் இறங்கியதும் பம்பைக்கார அண்ணன் தோலைத் தட்டிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"தம்பி, பனியில தோலு தொங்கிப் போச்சுங்க. அடுப்பு இருக்குதுங்களா?"

விறகடுப்பு ஓரம் உட்கார்ந்து பம்பையைத் திருப்பித் திருப்பிச் சூடு காட்டினார். விரலால் சுண்டுவார், காதை வைத்துக் கேட்பார், தலையை ஆட்டிவிட்டு மறுபடி அனலுக்குக் கொண்டுபோவார். "இது பத்து நிமிசம் தாங்கும், அதுக்குள்ள எடுத்துக்கங்க" என்றார். அப்புறம் வாசிப்பதும் அடுப்படிக்கு ஓடுவதுமாகவே பொழுது போனது. ஒரு டேக்கில் சில்வண்டுச் சத்தம் விழுந்திருந்தது. அதை நீக்காமல் ஆரம்பத்திலேயே வைத்துவிட்டேன். இன்றைக்கும் அந்த இசையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

விருதுக்கு வருகிறேன். முதல் குழப்பம், எந்தப் பிரிவு என்பது. பின்னணி இசை என்று ஒரு பிரிவு, டைட்டில் இசை என்று இன்னொன்று. அமெரிக்காவின் எம்மி விருதிலும் இந்தப் பிரிப்பு உண்டு. 2019ல் தொடர் இசைக்கான எம்மி 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடருக்காக ரமின் ஜவாடிக்குப் போனது. அதே ஆண்டு டைட்டில் இசைக்கான எம்மி 'சக்செஷன்' தொடருக்காக நிக்கோலஸ் பிரிட்டெல்லுக்கு. ஒன்று, ஒரு எபிசோடின் காட்சிகளோடு இசை எப்படி நடந்துபோகிறது என்று பார்ப்பது. மற்றது, அடுப்படியில் இருக்கிற ஆளை ஒரு நிமிடத்துக்குள் ஹாலுக்கு இழுத்து வருகிறதா என்று பார்ப்பது. எல். வைத்தியநாதன் 'மால்குடி டேஸ்' தொடருக்குப் போட்டாரே, அந்த மாதிரி. முப்பது வருஷம் கழித்தும் ஆட்கள் அதை முணுமுணுக்கிறார்கள். நான் டைட்டில் பிரிவில் மட்டும் போட்டேன். இரண்டிலும் போட்டு நடுவர்களைக் குழப்ப வேண்டாம் என்பது என் கணக்கு.

அடுத்தது 'சொந்தப் படைப்பு' உறுதிமொழி. இதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நிறைய யோசித்தேன். அடியில் ஓடும் சுருதி ஒலி, காசு கொடுத்து வாங்கிய ஒலித் தொகுப்பிலிருந்து எடுத்தது. அதற்கு லைசென்ஸ் இருக்கிறது, நகலை இணைத்துவிட்டேன். நடுவில் முகவீணைக்காரர் தன் போக்கில் வாசித்த ஒரு துண்டுதான் சிக்கல். அது தெருக்கூத்தில் கதையை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் மேடைக்கு வரும்போது வாசிக்கிற பழைய மெட்டு. யாருக்கும் சொந்தமில்லாதது, ஆனால் என்னுடையதும் இல்லை. படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது. தனித்தாளில், எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை மரபு மெட்டு, மற்றது என்னுடையது என்று எழுதி வைத்தேன். விருதுக்காரர்கள் போன் செய்து, மூலம் எது என்று முன்கூட்டியே சொன்னால் ஆட்சேபம் இல்லை என்றார்கள். மறைத்துவிட்டுப் பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட இது நல்லது.

அப்புறம் கியூ ஷீட். எந்த எபிசோடில் எந்த இசை, எத்தனை நொடி, டைட்டிலா பின்னணியா, யார் இசையமைத்தது என்று பட்டியல் போட்ட தாள். தயாரிப்பு நிறுவனத்தில் அப்படி ஒன்று போடுகிற பழக்கமே இல்லை. நானே உட்கார்ந்து எழுதி, மேனேஜரிடம் கையெழுத்துக்கு அனுப்பினேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "சார், விருது வந்தா மேடையில நம்ம புரொடியூசர் பேரைச் சொல்லுவீங்கல்ல?"

ரொம்பவும் இழுத்தது ஒளிபரப்புப் பதிவுதான். நான் கொடுத்த இசை கிட்டத்தட்ட ஒரு நிமிடம். சீரியல் தொடங்கிச் சில வாரத்திலேயே சேனல் அதை வெட்டி, தலைப்பு வந்து போகிற அளவுக்குச் சுருக்கிவிட்டது. யூட்டியூபில் ஏற்றியபோது டைட்டிலே காணோம். விதியோ, ஒளிபரப்பான வடிவத்தைத்தான் அனுப்ப வேண்டும் என்கிறது. முதல் வாரத்து எபிசோடின் பதிவும் ஒளிபரப்பான தேதிக்கு ஒரு கடிதமும் கேட்டு சேனலுக்கு மெயில் மேல் மெயில் போட்டேன். பதில் சொல்கிற ஆள் மாதம் ஒருவர் மாறினார். கடைசித் தேதி நெருங்கியபோது டைரக்டர் நேரில் போய் வாங்கி வந்தார். அவர் போகாவிட்டால் இந்த வருஷம் நடந்திருக்காது.

தயாரிப்பாளரின் தடையில்லாச் சான்றுக்காக ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். 'எல்லா உரிமையும் நிரந்தரமாக நிறுவனத்துக்கே' என்று ஒரு வரி. அஸ்தம்பட்டி கோர்ட் பக்கத்தில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டினேன். படத்துக்காகப் போடப்பட்ட இசைக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் ஆகலாம் என்று 1977ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதையும், 2012ல் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தைத் திருத்தி, இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உள்ள ராயல்டி பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது என்று ஆக்கியதையும் அவர்தான் விளக்கினார். வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் எழுதிக் கொடுக்கலாம். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போதெல்லாம் இப்போது இதுதான் நினைவுக்கு வருகிறது. அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள். அந்த ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர்கள் இப்படி ஒரு வரியைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள்.

விண்ணப்பத்தில் 'ஐபிஆர்எஸ் உறுப்பினர் எண், இருந்தால்' என்று ஒரு கட்டம். இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தருகிற காப்புரிமைச் சங்கம் அது. இல்லை என்று விட்டிருக்கலாம். வக்கீல் விடவில்லை. பான், ஆதார், ரத்து செய்த காசோலை, இசை வெளியானதற்கு ஆதாரம் எல்லாம் கொடுத்து உறுப்பினர் ஆனேன். அங்கேயும் அதே கியூ ஷீட் உதவியது. கூடவே காப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனில் பதினான்காம் படிவம் போட்டு, ஸ்வரக் குறிப்பை எழுதி இணைத்தேன். இசைப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருந்த பிறகுதான் பரிசீலனையே தொடங்குகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்று சட்டம் சொல்லவில்லை. நாளைக்குத் தகராறு வந்தால் கையில் ஒரு தாள் இருக்கும், அவ்வளவுதான்.

விருது கிடைக்கவில்லை. இறுதிப் பட்டியல் வரை வந்தது. ஜெயித்தது ஒரு டைட்டில் பாட்டு. நல்ல பாட்டுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டையும் வாத்திய இசையையும் ஒரே தராசில் வைத்தால் பாட்டுப் பக்கம்தான் சாயும். குரல் வந்தாலே கேட்கிறவர் மனசு அங்கே போய்விடும். இரண்டையும் பிரியுங்கள் என்று அமைப்புக்கு எழுதியிருக்கிறேன்.

இறுதிப் பட்டியல் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டியபோது பம்பைக்கார அண்ணன் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "எம் பேரு எங்கீங்க?" என்றார். இசையமைப்பாளர் பெயர் மட்டும்தான் போடுவார்களாம். வாசித்தவர் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன், விதியில் இல்லை என்று பதில் வந்தது. விருதில் இல்லாவிட்டாலும் சட்டத்தில் வாசிப்பவருக்கும் உரிமை உண்டு. பாடகர்கள், வாத்தியக்காரர்களுக்கென்று இஸம்ரா என்று தனிச் சங்கம் இருக்கிறது. அதில் அவரைச் சேர்க்கத்தான் இப்போது அலைகிறோம். ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறு இனிஷியல். திங்கட்கிழமை பேங்குக்குப் போக வேண்டும்.