பெருங்குடலில் நியூரோஎன்டோகிரைன் புற்றுநோய்: குறியீடு போடமுன்

ஹோர்மோன் சுரக்கும் நரம்புசார் கலங்களில் தொடங்கும் இந்தப் புற்றுநோய் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆஸ்பத்திரிகளின் பதிவறைகளுக்கு அபூர்வமாகத்தான் வரும். வருகிறபோது குறியீடு பிழையாகிப்போவதும் அதனால்தான். பி.எச்.ரி.யில் (நோயாளியின் கட்டில் சீட்டில்) பெருங்குடல் புற்றுநோய் என்று மட்டும் இருந்தால் சி18.9 (பெருங்குடல், இடம் குறிப்பிடப்படவில்லை) என்று போட்டு மூடிவிடுவோம். பயொப்சி அறிக்கை பிறகு வந்து கிளினிக் கொப்பிக்குள்ளேயே கிடக்கும்.

அந்த அறிக்கையைத் தேடி எடுங்கள். நோய்களுக்கான சர்வதேசக் குறியீட்டுத் தொகுப்பான ஐ.சி.டி-10 இல் சி18 வரிசை, பெருங்குடலில் கட்டி இருக்கும் பகுதியைத்தான் சொல்லும்: சீக்கம் சி18.0, ஏறுகுடல் சி18.2, சிக்மொயிட் சி18.7. கட்டி என்ன இனம் என்பதற்கு புற்றுநோய்களுக்கென்றே உள்ள ஐ.சி.டி-ஓ-3 தொகுப்பின் உருவவியல் எண் வேண்டும். அது இல்லாவிட்டால் வழமையான அடினோகார்சினோமா (8140/3) கூட்டத்துக்குள் இதுவும் மறைந்துவிடும்.

பயொப்சியில் பார்க்கும் அடையாளப் புரதங்களான சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் பொசிற்றிவ் என்றால் நியூரோஎன்டோகிரைன் இனம் என்று தெரியும். எவ்வளவு மூர்க்கமானது என்று தெரியாது. அதற்குக் கலங்களின் தோற்றத்தையும் கி-67 வீதத்தையும் (பெருகிக்கொண்டிருக்கும் கலங்களின் வீதம்) சேர்த்துப் பார்க்க வேண்டும். நன்கு வேறுபட்ட (கலங்கள் இயல்பான கலங்களை ஒத்திருக்கும்) கட்டியில் கி-67 3% இற்குக் குறைவென்றால் தரம் ஜி1, எண் 8240/3. 3 முதல் 20% வரை ஜி2, அதற்கு மேல் ஜி3; இரண்டுக்கும் 8249/3 தான், ஆகவே தரத்தைத் தனியாக எழுதிவையுங்கள். கூடுதலாகப் பிழை விடுகிற இடம் இதுதான்: கி-67 20% ஐத் தாண்டியதும் கார்சினோமா என்று எழுதிவிடுகிறார்கள். கலங்கள் குறைவாக வேறுபட்டிருந்தால்தான் அது கார்சினோமா. சிறுகல வகை 8041/3, பெருங்கல வகை 8013/3, வகை சொல்லப்படாவிட்டால் 8246/3. ஏறுகுடல், பெருங்கல வகை, கி-67 70% என்று அறிக்கை வந்தால் சி18.2, 8013/3.

கார்சினோமா கண்டுபிடிக்கும்போதே பெரும்பாலும் பரவியிருக்கும். ஈரலில் எடுத்த பயொப்சி என்பதற்காக சி22 (ஈரலிலேயே தொடங்கிய புற்றுநோய்) போடாதீர்கள். முதல் இடம் குடல் என்று தெரிந்தால் சி18 உடன் சி78.7 (ஈரலுக்குப் பரவியது). சிஸ்பிளாட்டின் அல்லது காபோபிளாட்டினோடு எட்டோபொசைட் என்று கீமோதெரப்பி மருந்துகள் கொடுக்கிற நோய் இது. மெதுவாக வளரும் ஜி1 கட்டியையும் இதையும் ஒரே எண்ணுக்குள் அடைத்தால் வன்னியில் யாருக்கு எது வந்தது என்று பிறகு ஒருவராலும் பிரித்தறிய முடியாது.

இணையத்தில் தேடினால் சி7ஏ என்று தொடங்கும் எண்கள் வரும். அவை அமெரிக்கப் பதிப்புக்குரியவை. நாங்கள் பாவிக்கிற உலக சுகாதார நிறுவனப் பதிப்பில் இல்லை.

நோயாளியைத் தெல்லிப்பழை அல்லது மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், பயொப்சி இலக்கத்தை பி.எச்.ரி.யின் முன்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அறிக்கை வந்ததும், காலாண்டுப் பதிவு போகமுன், சி18.9 ஐத் திருத்தலாம்.